பெர்மிட்டுக்குக் காசும் வாங்கி வேலைக்கும் கூப்பிடுகிறார்களே! ஸ்னோமொபைல் கிளப்பில் யாராவது இருக்கிறீர்களா?

குமரன்_நார்த்பே · அக்டோபர் 16

கனடாவில் நார்த் பேவுக்கு வேலைக்காக வந்து இது இரண்டாவது குளிர்காலம். போன வருஷம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை வீடு, வேலை, வீடு என்றே ஓடிவிட்டது. இந்த வருஷமும் அப்படியே இருந்தால் நான் ஊருக்குக் கிளம்புகிறேன், நீங்கள் இருந்து பனி அள்ளுங்கள் என்று மனைவி சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இங்குள்ள ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் வண்டி) கிளப்பில் இருக்கிறார். வருகிற 25ஆம் தேதி பாதையில் விழுந்து கிடக்கிற மரங்களை அப்புறப்படுத்தப் போகிறார்களாம், வந்து கைகொடு என்கிறார். பிப்ரவரியில் ஃபேமிலி டே விடுமுறைக்கு ஏரிக்கரையில் கொண்டாட்டம் வைப்பார்களாம், அதற்கும் ஆள் வேண்டுமாம். என்னிடம் ஸ்லெட் (ஸ்னோமொபைலை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) கிடையாது. ஓட்டியதும் இல்லை.

சந்தேகம் இதுதான். ஒன்டாரியோவில் இந்தப் பாதைகளில் ஓட்ட வருஷா வருஷம் பெர்மிட் வாங்க வேண்டும், சட்டப்படி கட்டாயம். நவம்பர் 1க்குள் வாங்கினால் விலை குறைவு, தள்ளிப்போட்டால் ஏறிக்கொண்டே போகிறது. அவ்வளவு வாங்குகிறவர்கள் எதற்கு ஓசியில் ஆள் பிடிக்கிறார்கள்? பணம் எங்கே போகிறது?

---

பரமு_ஹாலிபர்ட்டன் · அக்டோபர் 16

தம்பி, நியாயமான கேள்வி. எங்கள் கிளப்பில் கொஞ்சக் காலம் கணக்குப் பார்த்த ஆள் என்பதால் ஆறுதலாகவே சொல்கிறேன்.

அந்தப் பாதை அரசாங்கத்தின் ரோட்டு இல்லை. ஒன்ராறியோ முழுக்கக் கிட்டத்தட்ட 30,000 கிலோமீற்றர் டிரெயில் இருக்கிறது. பெருந்தெருவுக்கு இருப்பதுபோல் இதற்கென்று ஓர் இலாகாவோ கூலிப்படையோ கிடையாது. ஓ.எஃப்.எஸ்.சி. என்ற மாகாணக் கூட்டமைப்பும் அதன் கீழ் ஊருக்கு ஊர் இருக்கும் கிளப்புகளும்தான். பாதை போகும் நிலம் கொஞ்சம் அரசாங்கக் காணி, கொஞ்சம் நகரசபையுடையது, பெரும்பகுதி யாரோ ஒருவரின் தோட்டம், காடு, வயல். அவர் சும்மா விடுகிறார். வாடகை வாங்குவதில்லை.

பெர்மிட் காசு போகும் இடம்: குரூமர். பாதையை இழுத்து மட்டமாக்கும் சங்கிலிச் சக்கர இயந்திரம். புதிது வாங்கினால் லட்சக்கணக்கில் டொலர். அதற்கு டீசல், உதிரிப்பாகம், பிறகு காப்பீடு, பாலத்துக்கு மரம், அடையாளப் பலகை. குரூமர் ஓட்டுகிறவருக்குப் பல கிளப்புகளில் சம்பளம் உண்டு. இவ்வளவும் கொடுத்து முடிக்க மிச்சம் ஒன்றும் இருக்காது. பாதையைக் காட்டக் குச்சி நடுகிறவர், மரம் அரிகிறவர், நிலக்காரரின் வீட்டுக்குப் போய்க் கோப்பி குடித்துக் கதைத்து அனுமதி வாங்குகிறவர், இவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தால் பெர்மிட் விலையை நீங்களும் நானும் கட்டமாட்டோம்.

வருஷத்து வேலை எப்படி என்று சொன்னால் விளங்கும். பனி கரைந்ததும் வயலில் நட்ட குச்சியெல்லாம் பிடுங்க வேண்டும். உழவுக்கு முன் முடிய வேண்டும். ஒரு குச்சி தவறி மண்ணில் கிடந்து, அறுவடை இயந்திரத்துக்குள் போனால் அந்த நிலத்தை மறந்துவிடலாம். கோடையில் பாலம். பீவர் என்ற நீர்க்கீரி மாதிரியான ஒரு பிராணி இருக்கிறதே, அது ஓடையை மறித்து அணை கட்டினால் அடுத்த வாரம் பாதை குளமாகிவிடும். அதற்கு ஒரு போராட்டம். புரட்டாசி ஐப்பசிக் காற்றில் விழுந்த மரம் உங்களுக்கு 25ஆம் திகதி வேலை. நவம்பர் முதல் பாதியில் மான் வேட்டை என்பதால் காட்டுக்குள் போவதில்லை, நிலக்காரரே துவக்கோடு நிற்பார். சோளம் அறுத்த பிறகு, மண் உறைவதற்கு முன், வயலில் குச்சி. அந்த இரண்டு மூன்று கிழமையைத் தவறவிட்டால் துளை போட்டுத்தான் நட வேண்டும்.

---

குமரன்_நார்த்பே · அக்டோபர் 17

நன்றி பரமு அண்ணா. அப்படியென்றால் பனி விழுந்ததும் ஓட்ட வேண்டியதுதான் பாக்கி என்று வைத்துக்கொள்ளலாமா? பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் நல்ல பனி விழுந்த பிறகும் "பாதை இன்னும் சிவப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

---

பரமு_ஹாலிபர்ட்டன் · அக்டோபர் 17

கூட்டமைப்பின் வரைபடத்தில் பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் கவனமாகப் போகலாம், சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. சிவப்பில் போவது அத்துமீறல். நிலக்காரரின் அனுமதி பாதை திறந்திருக்கும் காலத்துக்கு மட்டும்தான்.

பனி விழுந்தும் சிவப்பாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சதுப்பு. பனி என்பது போர்வை. நிலம் உறையுமுன் ஓர் அடி பனி விழுந்துவிட்டால், கீழே சேறு அப்படியே சூடாகக் கிடக்கும், மேலே மைனஸ் இருபது இருந்தாலும் சரி. அதனால் முதல் பனியை ஸ்லெட்டிலோ சின்ன இயந்திரத்திலோ போய் மிதித்து மிதித்து அமுக்குவார்கள். உள்ளிருக்கும் காற்று போனால் குளிர் கீழே இறங்கும், சேறு உறையும். பிறகுதான் பல தொன் எடையுள்ள குரூமரை விடலாம். இந்த மிதிக்கும் வேலையும் தொண்டர்கள்தான். விடிய எழும்பிப் போய்ச் சேற்றில் புதைந்து, ஒருவரை ஒருவர் கயிறு கட்டி இழுத்து, பின்னேரம் வீடு வருவோம். அடுத்த நாள் பேஸ்புக்கில் ஒருவர் எழுதியிருப்பார்: "பனி இருக்கிறது, கிளப்காரர்கள் தூங்குகிறார்கள்."

குரூமரும் ஏன் இரவில் ஓடுகிறது என்றால், பகலில் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும், வெயிலும் இருக்கும். இரவில் குளிர் கூடும், இழுத்துவிட்ட பனி இறுகும். அதற்குச் சில மணி நேரம் வேண்டும். நான் ஓட்டுநர் பக்கத்தில் குந்தியிருந்து போயிருக்கிறேன். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகம், அதற்கு மேல் போனால் பாதை சரியாக வராது. பின்னால் இழுபடும் சட்டத்தில் வரிசையாகக் கத்திகள். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் மாறி மாறி அழுத்துவதால் பாதையில் வரும் மேடு பள்ளத்தை அவை அடியோடு வெட்டும், வெட்டிய பனி உள்ளே உருண்டு உடையும், கடைசியில் இருக்கும் தட்டு அமுக்கிவிடும். மேட்டின் தலையை மட்டும் சீவிவிட்டுப் போனால் அடுத்த நாள் மத்தியானமே அதே இடத்தில் மேடு வந்துவிடும். நல்ல ஓட்டுநர் அந்த ஆழத்தைக் கையால் உணர்கிறார், கண்ணாடியில் பார்ப்பதுகூட இல்லை. எங்கள் ஆள் விவசாயி, உழுது பழகியவர், அதனால் இருக்கலாம்.

ஒரு வேண்டுகோள். குரூமரின் மஞ்சள் விளக்கைக் கண்டால் வலப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு புதுப் பாதையைக் கிழித்துக்கொண்டு போகாதீர்கள்.

---

கயல்_சட்பரி · அக்டோபர் 17

குமரன் அண்ணா, ஸ்லெட் இல்லாவிட்டால் என்ன, போங்க. எனக்கும் இல்லை. கல்லூரி முதல் வருஷம் குளிர்காலத்தில் தனியாக உட்கார்ந்து அழாத குறை. கூட வேலை பார்த்த ஒரு அக்கா, "ஞாயிறு காலை எங்கள் கிளப்பில் பான்கேக், சமையலுக்கு ஆள் போதவில்லை" என்று கூட்டிப்போனார். அன்றிலிருந்து நான் அந்த அடுப்படி ஆள்.

இது ஸ்லெட்டிலேயே வந்து இறங்கிச் சாப்பிடுகிற விருந்து. கிளப்பின் குடில் பாதையோரம், உள்ளே விறகு அடுப்பு. எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டு வரை வந்துகொண்டே இருப்பார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினால் ஆவி பறக்கும், கையுறையை அடுப்புப் பக்கத்துக் கம்பியில் மாட்டுவார்கள், ஒரு மணி நேரத்தில் அங்கே ஈரத்தோலும் பேக்கனும் மேப்பிள் பாகும் கலந்து ஒரு வாசம் வரும், அதை இன்னும் மறக்க முடியவில்லை. நான் சைவம் என்று தெரிந்ததும் அங்கிருந்த பாட்டி ஒருவர் எனக்கென்று தனி வாணலி எடுத்து வைத்தார். அந்த வாணலியை வேறு யாரும் தொட்டால் அவர் போடும் சத்தம் பாதை வரை கேட்கும்.

அப்புறம் போக்கர் ரன். சூதாட்டம் என்று நம் அம்மா அப்பா பயப்படுவார்கள், பயப்பட வேண்டாம். பாதையில் ஐந்து இடம், ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். கடைசியில் யார் கையில் நல்ல சீட்டு சேர்ந்திருக்கிறதோ அவருக்குப் பரிசு. வேகமாகப் போனால் ஒரு பயனும் இல்லை, அதுதான் இதில் உள்ள புத்திசாலித்தனம். நான் இரண்டாவது சாவடியில் சீட்டுக் கட்டோடு நின்றேன். மைனஸ் 24. சீட்டு விரலில் ஒட்டிக்கொண்டது.

ஃபேமிலி டே வார இறுதியில் இன்னொரு வசதி, ஒன்டாரியோவாசிகள் லைசென்ஸ் இல்லாமலே மீன் பிடிக்கலாம். அதனால் பனித்துளை மீன்பிடிப்பு, குழந்தைகளுக்குச் சறுக்கு, பழைய ஸ்லெட் கண்காட்சி என்று எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துவிடுகிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேரிடம் ஸ்லெட் இருக்காது.

---

செல்வி_மொன்றியல் · அக்டோபர் 18

நல்ல இழை. கியூபெக்கில் 33,000 கிலோமீற்றர் அளவுக்குப் பாதை, அங்கேயும் கிளப்புகள்தான். எங்கள் பக்கத்தில் பாதை நேரே உணவகத்தின் வாசலுக்கே போகும், பெற்றோல் நிலையத்துக்கும் போகும். சில சிற்றூர்களில் ஜனவரி வியாபாரமே அதுதான்.

நேரம் கிடைத்தால் வால்கூருக்குப் போய்ப் பாருங்கள். ஜோசப்-அர்மான் பொம்பார்டியே அந்த ஊர்க்காரர், அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1934இல் அவருடைய சின்ன மகனுக்கு வயிற்றில் கடும் நோய் வந்தது. பாதையெல்லாம் பனி மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை, பிள்ளை இறந்துவிட்டது. அதற்கு முன்பிருந்தே பனியில் ஓடும் வண்டிக்கு முயன்றுகொண்டிருந்தவர்தான். பிறகு அவர் செய்த பெரிய வண்டிகள் டாக்டருக்கும் தபாலுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஓடின. ஒருவர் இருவர் ஏறும் சின்ன ஸ்கி-டூ 1959இல் வந்த பிறகுதான் இது விளையாட்டாக மாறியது, கிளப்புகளும் வந்தன.

---

ரயில்பாதை_வீடு · அக்டோபர் 19

எல்லோரும் பான்கேக் பற்றியே பேசுகிறீர்கள். மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்குப் பின்னால் பழைய ரயில் தடம், தண்டவாளம் எடுத்துவிட்டார்கள். கோடையில் சைக்கிள், குளிர்காலத்தில் ஸ்னோமொபைல் டிரெயில். வெள்ளிக்கிழமை இரவு ஒரு மணிக்கு எட்டுப் பத்து வண்டிகள் வரிசையாகப் போனால் சுவரில் மாட்டிய படம் ஆடுகிறது. அம்மாவுக்கு 78 வயது. நான் கிளப்புக்கு எழுதினேன், மரியாதையாகப் பதில் வந்தது, "பெரும்பாலோர் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார்கள்" என்று. ஒழுங்காக ஓட்டுகிறவர்கள் பற்றி நான் எழுதவே இல்லையே.

தொண்டு தொண்டு என்கிறீர்கள். பொழுதுபோக்குக்காக டீசலும் பெட்ரோலும் எரிப்பதற்குப் பாதை போடுவது எந்த வகையில் தொண்டு? அதே தடத்தில் பனிச்சறுக்கிப் போகிறவர்களும் உண்டு, அவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது.

---

பரமு_ஹாலிபர்ட்டன் · அக்டோபர் 19

உங்கள் கோபத்தில் பிழை இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியால் சத்தம் அவ்வளவு வராது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து முழு வேகத்தில் ஐம்பது அடி தூரத்தில் 78 டெசிபெலுக்கு மேல் வரக் கூடாது என்று தயாரிப்பாளர்களுக்கு அளவு இருக்கிறது. வாங்கிய பிறகு சைலன்சரைக் கழற்றி வேறு ஒன்றைப் பூட்டுகிறார்கள் பாருங்கள், சுவரை ஆட்டுவது அந்தக் கூட்டம்தான். எங்களுக்கும் அவர்கள் எதிரிகளே. அவர்களால்தான் நிலம் போகிறது.

பாதையில் பொலிசும் வரும், பொலிஸ் பயிற்சி கொடுத்த தொண்டர் ரோந்தும் வரும். ஸ்டொப் அதிகாரிகள் என்பார்கள். அவர்களால் நிறுத்திப் பெர்மிட், காப்பீடு பார்க்க முடியும், அபராதச் சீட்டும் எழுத முடியும். வேக வரம்பு 50 கிலோமீற்றர். ஆனால் வெள்ளி இரவு ஒரு மணிக்கு உங்கள் வீட்டுக்குப் பின்னால் யார் நிற்பார்கள் என்று கேட்டால், ஒருவரும் நிற்கமாட்டார்கள்.

---

செல்வி_மொன்றியல் · அக்டோபர் 20

இந்தச் சத்தப் பிரச்சினை எங்கள் பக்கம் நீதிமன்றம் வரை போனது. மொன்-ட்ரெம்பிளான் பக்கம் பழைய ரயில் தடம் ஒன்று, கிட்டத்தட்ட நீங்கள் சொல்லும் நிலைமைதான். ஓரத்து வீட்டுக்காரர்கள் கூட்டாக வழக்குப் போட்டு 2004இல் ஜெயித்தார்கள். இழப்பீடும் கிடைத்தது, அந்தப் பகுதியில் ஸ்னோமொபைலும் நின்றது. மற்ற இடங்களிலும் ஆளுக்கு ஆள் வழக்குப் போட்டால் பாதையே மிஞ்சாது என்று அரசு பயந்து, 2006இல் சத்தத்துக்காக வழக்குத் தொடுப்பதைச் சில வருஷங்களுக்கு மறித்துச் சட்டம் கொண்டுவந்தது. அதிலும் எல்லோருக்கும் திருப்தி இல்லை. இப்போது கியூபெக்கில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஓட்டக் கூடாது, ஊராட்சி தனியே விலக்கு கொடுத்தால் ஒழிய. நீங்களும் உங்கள் நகரசபையில் நேரக் கட்டுப்பாடு கேட்டுப் பார்க்கலாம். கிளப்புக்கு எழுதுவதைவிட அது பலன் தரும்.

---

ரயில்பாதை_வீடு · அக்டோபர் 20

இது பயனுள்ள தகவல், நன்றி. நகரசபை உறுப்பினரும் ஸ்லெட் ஓட்டுகிறவர்தான், பார்ப்போம்.

---

சரவணன்_மினியாபொலிஸ் · அக்டோபர் 20

எல்லைக்கு இந்தப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. மினசோட்டாவில் சுமார் 22,000 மைல் பாதை, பெரும்பாலும் கிளப்புகள் கையில். ஆனால் பணம் மாநில அரசு வழியாக வருகிறது. ஸ்னோமொபைல் பதிவுக் கட்டணமும், பெட்ரோல் வரியில் ஸ்னோமொபைல்கள் எரித்ததாகக் கணக்கிடும் பங்கும் ஒரு கணக்கில் சேரும். அதிலிருந்து கவுன்டி மூலமாகக் கிளப்புக்கு மானியம். வேலை செய்து முடித்தால்தான் பணம், அதுவும் கட்டம் கட்டமாக. கிளப் பொருளாளர் படிவம் நிரப்பியே தேய்ந்து போவார்.

நியூயார்க் மாநிலம் இன்னும் கெட்டி. கிளப்பில் உறுப்பினர் இல்லாவிட்டால் பதிவுக் கட்டணம் 100 டாலர், உறுப்பினர் என்றால் 45. யார்தான் சேரமாட்டார்கள்? ஆனால் அப்படிச் சேருகிறவர்களில் எத்தனை பேர் ரம்பத்தோடு காட்டுக்கு வருகிறார்கள் என்பது வேறு கேள்வி.

ஸ்னோமொபைல் செய்யும் போலாரிஸ் கம்பெனி பிறந்த ரோசோ எங்கள் மாநிலத்தின் வடக்கு விளிம்பில் இருக்கிறது. அங்கெல்லாம் பள்ளிக்கூடப் பையனுக்கு ஸ்லெட் ஓட்டத் தெரியாவிட்டால்தான் செய்தி.

---

நிவேதா_பேரி · அக்டோபர் 21

குறுக்கே ஒரு கேள்வி. பையனுக்கு 12 முடிந்துவிட்டது. ஒன்டாரியோவில் அவன் ஓட்டலாம் என்கிறான், நண்பன் சொன்னானாம். உண்மையா? ஏரி மேல் போவதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

---

பரமு_ஹாலிபர்ட்டன் · அக்டோபர் 21

உண்மைதான் பிள்ளை. 12 வயதிலிருந்து ஸ்னோமொபைல் லைசென்ஸ் எடுத்து டிரெயிலில் ஓட்டலாம். அதற்குப் பயிற்சி வகுப்பு உண்டு, பல இடங்களில் கிளப் தொண்டர்களே நடத்துவார்கள். ரோட்டைக் கடந்து ஓட்ட 16 ஆக வேண்டும், அதனால் தனியே போகிற கதை இல்லை, பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும். ஹெல்மெட் எல்லோருக்கும் கட்டாயம்.

ஏரி விஷயத்தில் உங்கள் பயம் சரியான பயம். பிள்ளையிடம் அதைக் குறைக்க வேண்டாம். கனடா செஞ்சிலுவைச் சங்கம் ஸ்னோமொபைலுக்கு 25 சென்ரிமீற்றர் பனிக்கட்டி வேண்டும் என்கிறது.

---

சரவணன்_மினியாபொலிஸ் · அக்டோபர் 21

இங்கே மாநில இயற்கை வளத் துறை ஸ்னோமொபைலுக்குச் சொல்லும் அளவு இதைவிடக் குறைவு. அதுவும் புதிய, தெளிவான, கண்ணாடி மாதிரியான பனிக்கட்டிக்கு. வெள்ளையாக நுரைத்திருந்தால் பலம் பாதிதான், இரட்டிப்பு வேண்டும். கணக்குப் போட்டால் இரண்டு நாடும் ரொம்ப விலகவில்லை.

---

பரமு_ஹாலிபர்ட்டன் · அக்டோபர் 21

சரிதான். எங்கள் ஆட்கள் ஓகர் என்ற துளைக்கருவி கொண்டுபோய்த் துளை போட்டு அளந்து அளந்துதான் ஏரியில் குச்சி வரிசை நடுவார்கள். ஆனாலும் கிளப் எந்த நாளும் "பனிக்கட்டி பத்திரம்" என்று சொல்லாது. நேற்று அளந்தது நேற்றைக்கு. ஓடை விழும் வாயும் படகுத்துறைப் பக்கமும் எப்போதும் மெல்லிசு. குச்சி வரிசையை விட்டு விலகக் கூடாது என்று பையனுக்குச் சொல்லிவிடுங்கள்.

---

லிண்ட்சே_வயல் · அக்டோபர் 23

பரமு அண்ணை, உங்களைத்தான் தேடினேன். லிண்ட்சே பக்கம் காணி வாங்கியிருக்கிறோம், 50 ஏக்கர், பாதி காடு. முந்தைய சொந்தக்காரர் காலத்திலிருந்தே டிரெயில் குறுக்கே போகிறதாம். விற்றால் அனுமதி முடிந்துவிடும், புதிதாகக் கையெழுத்து வேண்டும் என்று கிளப்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பை மேப்பிள் பாகும் கொண்டுவந்தார்கள், அது வேறு.

எனக்கு இரண்டு யோசனை. ஒன்று, யாராவது விழுந்து காலை முறித்துக்கொண்டு என்மேல் வழக்குப் போட்டால்? இரண்டு, அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் இந்த முறை குளிர்காலக் கோதுமை விதைத்திருக்கிறார். முளைத்து நிற்கிறது. அதன்மேல் பாதையா?

---

பரமு_ஹாலிபர்ட்டன் · அக்டோபர் 23

முதலாவது: ஒன்ராறியோவின் சட்டம், நிலக்காரர் காசு வாங்காமல் பொழுதுபோக்குக்கு விட்டால், வருகிறவர் தன் ஆபத்தைத் தானே ஏற்று வருகிறார் என்று பார்க்கிறது. நீங்கள் வேண்டுமென்றே குழி வெட்டி வைத்தாலோ, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அலட்சியமாக விட்டாலோ ஒழிய உங்கள் பொறுப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் கிளப்பின் பொறுப்புக் காப்பீடு பாதைக்கென்று இருக்கிறது. அந்தக் கடிதத்தின் பிரதியைக் கேளுங்கள், தருவார்கள். உங்கள் வீட்டுக் காப்பீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கையெழுத்து வையுங்கள். கையெழுத்து வைத்தாலும் நினைத்தபோது திரும்ப எடுக்கலாம்.

இரண்டாவதில் குத்தகைக்காரர் பக்கம்தான் நான். குளிர்காலக் கோதுமை மேல் குரூமர் போனால் பனி இறுகி ஐஸ் தட்டாகும், வசந்தத்தில் கடைசியாகக் கரையும், பயிர் மூச்சு முட்டிச் சாகும். அல்பல்பா என்ற தீவனப் பயிருக்கும் இதே கதை. வேலி ஓரமாக மாற்றித் தரச் சொல்லுங்கள். செய்வார்கள். செய்யத்தான் வேண்டும், ஏனென்றால் உங்கள் ஒரு படலை மூடினால் இரண்டு பக்கமும் இருக்கும் பாதை துண்டாகிவிடும், சுற்றி எடுக்க ரோட்டோரம் பல கிலோமீற்றர் போக வேண்டி வரும்.

என் அனுபவத்தில் அனுமதியைத் திரும்ப எடுத்தவர்களில் சட்டத்துக்குப் பயந்து எடுத்தவர் குறைவு. குச்சி வரிசையைத் தாண்டி யாரோ ஒருவன் வயல் முழுக்க வட்டமடித்துவிட்டுப் போனதால் எடுத்தவரே அதிகம். அந்த ஒருவனிடம் பெரும்பாலும் பெர்மிட்டும் இருக்காது. இதைச் சரிக்கட்டத்தான் எங்கள் கிளப் வருஷா வருஷம் நிலக்காரர்களுக்கு விருந்து வைக்கிறது. கயல் சொன்ன பான்கேக்கில் லாபம் அதிகம் வராது தம்பி, நிலக்காரரும் குரூமர் ஓட்டுநரும் ஓட்டுகிறவனும் ஒரே மேசையில் குந்தியிருப்பார்கள், அதற்காகத்தான் அது.

---

கயல்_சட்பரி · அக்டோபர் 23

விழாவில் வரும் காசு கிளப்புக்கு மட்டும் போவதும் இல்லை. ஈஸ்டர் சீல்ஸ் அமைப்புக்காக ஸ்னோராமா என்று ஒன்று ஒன்டாரியோவில் 1975இலிருந்து நடக்கிறது. உடல் ஊனமுள்ள குழந்தைகளின் சக்கர நாற்காலி, நடைக்கருவி மாதிரியான செலவுக்குப் பணம். ஆரம்பித்தவர் விப்பர் பில்லி வாட்சன் என்ற மல்யுத்த வீரர், கார் விபத்தில் காலில் கடும் காயம்பட்டு மல்யுத்தத்தை விட்டவர். பெரியவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லிக் கதை ஆரம்பித்தால் காபி ஆறிவிடும்.

---

சரவணன்_மினியாபொலிஸ் · அக்டோபர் 24

பனியே இல்லாவிட்டால் விருந்து வைத்து என்ன? 2023-24 நினைவிருக்கிறதா? இங்கே பல பாதைகள் திறக்கவே இல்லை. தெற்கு ஒன்டாரியோவிலும் அப்படித்தான் என்று கேள்விப்பட்டேன். யமஹா 2023லேயே ஸ்னோமொபைல் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. இன்னும் இருபது வருஷத்தில் இதெல்லாம் இருக்குமா?

---

பரமு_ஹாலிபர்ட்டன் · அக்டோபர் 24

அந்தக் குளிர்காலம் எங்களுக்கும் அப்படியே. குச்சி நட்டோம், மிதிக்கப் பனி வரவில்லை, வசந்தத்தில் குச்சியைப் பிடுங்கினோம். காப்பீடும் குரூமர் தவணையும் பனி விழுந்ததா என்று கேட்பதில்லை. பெர்மிட் வாங்கியவர்கள் காசைத் திருப்பிக் கேட்டுத் திட்டினார்கள். அதற்கு அடுத்த வருஷம் நவம்பர் 1க்குள் வாங்குவதை நிறையப் பேர் தள்ளிப்போட்டார்கள், பனியைப் பார்த்து வாங்கலாம் என்று. முன்பணம் இல்லாமல் கிளப் எப்படித் தயாராகும்?

ஆனால் சரவணன், எனக்குப் பனியைவிட ஆளைப் பற்றித்தான் கவலை. பனி ஒரு வருஷம் விட்டாலும் மறு வருஷம் வருகிறது. எங்கள் வேலை நாளுக்கு வருகிறவர்களில் என் 66 வயது சின்ன வயது. எந்தப் பாலத்தின் அடியில் எந்தப் பலகை இற்றுப்போயிருக்கிறது, எந்த நிலக்காரருக்கு முன்கூட்டியே போன் செய்ய வேண்டும், எவருக்கு நாய் இருக்கிறது என்பதெல்லாம் நாலைந்து தலைக்குள் இருக்கிறது. குமரன் மாதிரி ஸ்லெட் இல்லாத ஆளையும் ஏன் கூப்பிடுகிறார்கள் என்றால் இதுதான்.

---

குமரன்_நார்த்பே · அக்டோபர் 26

போய் வந்தேன். ரம்பம் என் கையில் தரவில்லை, பயிற்சி எடுத்தவர்கள் மட்டும்தான் தொடலாமாம், அவர்களும் காலுக்கு வெட்டுத் தடுப்புக் கால்சட்டை போட்டிருந்தார்கள். அரிந்து போட்ட மரத்தை இழுத்து ஓரமாகப் போடுவது எங்கள் வேலை. கிளையின் அடிப்பக்கம் பாதைக்கு எதிர்ப்புறம் பார்க்க வேண்டும், கூர்முனை பாதையை நோக்கி இருந்தால் இரவில் ஓட்டுகிறவன் நெஞ்சில் ஏறும் என்றார்கள். பன்னிரண்டு பேரில் நானும் இன்னொரு பிலிப்பினோ பையனும்தான் நாற்பதுக்குக் கீழே.

மதியம் சூப் கொடுத்தார்கள். நான் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோயிருந்தேன், குளிரில் கட்டியாகிவிட்டது, அப்படியும் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பிப்ரவரிக்கு ஐம்பது பேருக்குச் செய்ய முடியுமா என்று கேட்கிறார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

---

கயல்_சட்பரி · அக்டோபர் 26

சாதம் வேண்டாம் அண்ணா, சாம்பார் செய்யுங்கள். மைனஸ் இருபதில் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தால் அவர்கள் வைக்கும் சில்லி என்ற பீன்ஸ் குழம்புக்குப் பக்கத்தில் யாரும் போகமாட்டார்கள். காரம் பாதியாகக் குறையுங்கள்.

---

லிண்ட்சே_வயல் · நவம்பர் 2

பரமு அண்ணை, தகவலுக்கு: காப்பீட்டுக் கடிதம் தந்தார்கள், எங்கள் காப்பீட்டுக்காரரும் பார்த்துச் சரி என்றார். கிளப்காரர்கள் குத்தகைக்காரரோடு வயலில் நடந்து பார்த்து, பாதையை வடக்கு வேலி ஓரமாக மாற்றிவிட்டார்கள். அங்கே ஒரு வாய்க்கால் இருக்கிறது, சின்னப் பாலம் போட வேண்டுமாம். மரம் அவர்களுடையது, ஆள் குறைவாம். நானும் தம்பியும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். ஒரு வருஷத்துக்கு மட்டும் கையெழுத்து வைத்திருக்கிறேன். இரவில் ஓட்டுகிறவர்கள் எப்படி என்று பார்த்துவிட்டு மிச்சம்.

---

பரமு_ஹாலிபர்ட்டன் · நவம்பர் 2

ஒரு வருஷம் போதும். பாலத்துக்குக் குரூமரின் அகலத்தைக் கேட்டு அளந்து போடச் சொல்லுங்கள், ஸ்லெட் அகலத்துக்குப் போட்டுவிட்டுப் பிறகு தலையில் கை வைத்தவர்கள் உண்டு. எந்த நாள் என்று எழுதுங்கள், வேட்டைக் காலம் முடிந்து என்றால் நானும் இறங்கி வருகிறேன்.